நிச்சயம் பண்ண முடியாது

எனக்கு மூல நட்சத்திரம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆரணியில் என்னைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அதைத்தான் முதலில் சொன்னார்கள். படிப்பு, எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர் என்ற வேலை, நிறம், உயரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மூல நட்சத்திரத்துப் பெண் மருமகளாக வந்தால் மாமனார் உயிருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இருபத்தெட்டு வயதுக்குள் மூன்று இடம் வந்து, கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, ஜாதகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது. தரகர் ஒருவர் என் அப்பாவுக்கு யோசனை சொன்னார்: மாமனார் இல்லாத வீடாகப் பாருங்கள், தொல்லையே இல்லை. அப்பாவும் தறியை விட்டு இறங்கி, தகப்பன் இல்லாத பையன்களாகத் தேடிக்கொண்டு வந்தவாசி வரைக்கும் போய் வந்தார். எவன் வீட்டில் எழவு விழுந்தது என்று விசாரித்துப் பெண் கொடுப்பதும் ஒரு பிழைப்பா என்று நான் கத்தினேன். அப்பா போய்த் தறியில் உட்கார்ந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் அந்த வருஷங்களில் எனக்கு ஒரே ஆறுதல், ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையில் வந்த ஒரு பத்தி. எழுதியவர் நாடு முழுக்கத் தெரிந்த விஞ்ஞானி. நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன, எப்படிச் சாகின்றன என்று ஆராய்ந்தே தலை நரைத்தவர். ஆனால் பத்தியில் அவர் எழுதியது வானத்தைப் பற்றி மட்டும் இல்லை. தன் அம்மா இறந்த பிறகு நான்கு மாதம் ஒரு கணக்குக்கூடப் போட முடியாமல் இருந்ததை ஒரு வாரம் எழுதினார். கடவுள் உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு, இல்லை என்று சொல்வதற்கு முன்னால், உங்களுக்கு என்ன கஷ்டம் என்று தான் விசாரிப்பதாக இன்னொரு வாரம் எழுதினார். பதினோரு வருஷம் பாடுபட்டு ஒரு கொள்கையைக் கட்டினாராம். அவரிடமே படித்த ஒரு பெண் ஒரு பக்கக் கணக்கில் அது தப்பு என்று காட்டிவிட்டாளாம். அன்று சாயங்காலம் அவளுக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன், பிறகு வீட்டுக்குப் போய் அழுதேன், இரண்டுமே மனதாரச் செய்தவை என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று நூலகத்தில் உட்கார்ந்துகொண்டே நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்படி ஒரு மனுஷனை ஆரணிக்கு அழைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் அறிவியல் ஆர்வம் உள்ள பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு கூட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டத்தின் சார்பில், வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று ஒரு கடிதம் போட்டேன். பத்தாம் நாள் பதில் வந்தது, தபால் அட்டையில், தமிழில். எழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தது. ஐந்து வயதில் அப்பாவின் ரயில்வே வேலையோடு வடக்கே போனவர், தமிழை அம்மா வைத்திருந்த புத்தகங்களில் படித்தே கற்றவர் என்பது எனக்கு முன்பே தெரியும். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. "வேலூருக்கு ஒரு பணியாக வருகிறேன். அங்கிருந்து ஆரணி வருவேன். உணவில் காரம் வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அந்த அட்டையை வகுப்புக்கு எடுத்துப்போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டினேன்.

அதே மாதம்தான் நான்காவது இடம் வந்தது. சேவூர் போகிற வழியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருந்தவரின் மகன். மின்வாரிய அலுவலகத்தில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் என்ன புத்தகம் படிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் அவரிடம் சமைக்கத் தெரியுமா என்று கேட்டேன். ரசம் மட்டும் என்றார். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. வெட்கம் என்ன, சொல்வதற்கு! சாயப்பட்டறைக்காரருக்கும் என்னைப் பிடித்திருந்தது. முழங்கை வரை அரக்கும் பச்சையுமாகக் கறை ஏறிய கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, பொண்ணு நல்லா வாயாடுது, வீடு கலகலன்னு இருக்கும் என்று அப்பாவிடம் சொன்னார். அப்புறம் ஜாதகம் வந்தது. அவர் முகம் சுருங்கியது. ஆனால் முன்னால் வந்தவர்கள் மாதிரிச் செருப்பைத் தேடவில்லை. கொஞ்சம் நாள் கொடுங்க என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து மொபெட்டில் வந்து இறங்கினார். கடைத்தெருச் சுவரில் எங்கள் கூட்டத்து நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். நட்சத்திர ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர் ஆரணி வருகிறார் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். அவர் என் அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நம்ம ஊர் ஜோசியர் ஒருத்தர் ஆவும்ன்றாரு, ஒருத்தர் ஆவாதுன்றாரு. ஒரே பேஜாரா கீது. இவரு ஆயுசு பூரா நட்சத்திரத்தையே பாத்துகினு இருந்த மனுஷன். அவரை ஒரு வார்த்தை கேட்டுடறேன். சரின்னுட்டார்னா வர்ற வெள்ளிக்கிழமையே நிச்சயம் பண்ணிடலாம்."

வானத்தை ஆராய்கிறவர் வேறு, ஜாதகம் பார்க்கிறவர் வேறு. அதை வருஷா வருஷம் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளே வேறு கணக்கு ஓடியது. அவர் போய்க் கேட்பார், விஞ்ஞானி சிரித்துவிட்டு அதெல்லாம் ஒன்றும் இல்லை என்பார், அவ்வளவு பெரிய ஆளே சொல்லிவிட்டார் என்று இவர் தேங்காய் பழத்தோடு வந்துவிடுவார். யார் எதற்கு யாரை நம்பினால் எனக்கென்ன? எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அதுவும் அந்த ரசக்காரரோடு ஆக வேண்டும். வாயை மூடிக்கொண்டு காபி கலக்கப் போனேன்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. அறுபது பேர் இருக்கலாம், அதில் பாதி நெசவுக் குடும்பங்கள். விஞ்ஞானி ஒல்லியாக, வெள்ளைக் கதர்ச் சட்டையில், கை லேசாக நடுங்க மேடை ஏறினார். புத்தகத் தமிழில் பேச ஆரம்பித்ததும் முன் வரிசையில் சிலர் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாளை என்ன நடக்கும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நாளைக்குக் குழாயில தண்ணி வராது என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, இது நல்ல அறிவியல் என்றார். பல நாள் பார்த்து, அதை வைத்துச் சொல்கிறார். ஆனால் நகராட்சிக்காரர்கள் மனம் மாறி நாளைக்கே தண்ணீர் விட்டாலும் விடலாம். ஆகவே மிகவும் சாத்தியம், நிச்சயம் இல்லை.

அங்கிருந்து ஒரு மணி நேரம் அந்த நிச்சயம் என்ற சொல்லைச் சுற்றியே பேசினார். நிச்சயமாகத் தெரியும் என்று சொல்பவரைக் கண்டால் ஒரு அடி தள்ளி நிற்பேன் என்றார். அறிவியல் என்பது விடைகளின் மூட்டை இல்லை, எவ்வளவு தெரியாது என்பதைச் சரியாக அளந்து சொல்லும் பழக்கம் என்றார். தத்துவப் புத்தகங்களை இளம் வயதில் உண்மையைத் தேடிப் படித்ததாகவும், இப்போது தன் அகந்தையைக் குறைத்துக்கொள்ளப் படிப்பதாகவும் சொன்னார். இத்தனை பரிசு வாங்கின மனுஷன் எங்கள் ஊரில் வந்து நின்று, நான் பலமுறை தப்பாக எழுதி என் பெயரோடு அச்சில் வந்திருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்கிறார். சும்மா சொல்லக் கூடாது, அன்று அவர் பேசின பேச்சைப் போல நான் பிறகு கேட்டதில்லை.

பேச்சு முடிந்து ஆட்கள் கலைந்தபோது சாயப்பட்டறைக்காரர் மேடை அருகில் போனார். சலவைச் சட்டை, ஒரு கையில் எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் மஞ்சள் பை, பைக்குள் என் ஜாதகம். நான் காபி பிளாஸ்க்கோடு நாலடி தள்ளி நின்றேன். என் அப்பா கதவோரம் நின்றார். பழத்தைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"மூல நட்சத்திரங்க. நிச்சயம் பண்ணலாமுங்களா?"

விஞ்ஞானியின் முகம் மலர்ந்தது. மற்றவர்கள் எல்லாம் கையெழுத்துக் கேட்டு வந்தபோது, ஒருவர் நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி, அதன் தூரத்தை உறுதியாகக் கணிக்க முடியுமா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார். தேளின் வால் மாதிரி இருக்கும் அந்த நட்சத்திரக் கூட்டத்தின் தூரத்தை அளப்பதிலேயே அவர் பாதி ஆயுளைக் கழித்திருந்தார். தமிழைப் புத்தகத்தில் படித்தவருக்கு, கல்யாண வாசனையே இல்லாதவருக்கு, நிச்சயம் பண்ணுவது என்றால் தட்டு மாற்றுவது என்று எப்படித் தெரியும்?

"மூலமா? நிச்சயம் பண்ண முடியாது," என்றார் உற்சாகமாக. "நான் முப்பது ஆண்டுகள் முயன்றேன். இனி யார் பண்ணினாலும் அது தவறாகத்தான் போகும்."

சாயப்பட்டறைக்காரர் கை கூப்பியபடியே ஒரு நிமிஷம் நின்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு இறங்கினார். என்ன நடந்தது என்று அந்த மண்டபத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் புரிந்தது. ஓடிப்போய் விளக்கியிருக்கலாம். விளக்க வேண்டுமென்றால் இவர் ஜோசியரே இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும், அது உனக்கு முன்னமே தெரியாதா என்று அவர் கேட்பார். பிளாஸ்க்கோடு அங்கேயே நின்றுவிட்டேன். சாயப்பட்டறைக்காரர் என் அப்பாவின் தோளைத் தொட்டு, விடுங்க, பெரிய மனுஷன் வாயாலயே வந்துடுச்சி என்று சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்துக் கிளப்பினார். அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நான் பயணியர் விடுதிக்குப் போய்விட்டேன். விஞ்ஞானி இட்லிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். நிச்சயம் என்றால் இங்கே என்ன அர்த்தம், மூலம் என்றால் என்ன பயம், நாலாவது இடம், எல்லாம். அவர் முதலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்காதீங்க ஐயா, உங்களுக்கு இது வார்த்தை, எனக்கு வாழ்க்கை என்றேன். சிரிப்பு நின்றது. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பட்டறைக்காரர் ஏன் என்னிடம் கேட்க வந்தார், நான் சோதிடம் பார்ப்பவன் என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, ஆனால் அவர் அப்படி நினைத்தது எனக்குத் தெரியும், நான் திருத்தவில்லை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அப்புறம் நான் கெஞ்சினேன். ஒரே ஒரு வார்த்தை, நல்ல நட்சத்திரம்தான், தாராளமாகப் பண்ணலாம் என்று நீங்கள் சொன்னால் போதும், இன்றைக்கே முடிந்துவிடும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நான் சொன்னால் அவர் நம்புவார் என்பதால்தான் நான் அதைச் சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் இந்த ஊரில் இன்னொரு சோதிடன் கூடிவிட்டான் என்றுதான் பொருள். ஆனால் உண்மையைச் சொல்ல வருகிறேன். அது போதாமலும் போகலாம்." மனதுக்குள் அவரைக் கன்னாபின்னா என்று திட்டினேன். என் கல்யாணம் கெட்டாலும் பரவாயில்லை, இவர் வாய் சுத்தமாக இருக்க வேண்டுமாம். பெரிய உத்தமர்! அவரோ வேலூருக்குப் போன் போட்டு, மதியத்து வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, டவுன் பஸ்ஸிலேயே போகலாம் என்று கிளம்பிவிட்டார்.

பட்டறையில் அடுப்பில் சாயத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சாயப்பட்டறைக்காரர் கழியில் மாட்டிய பட்டு நூலை முக்கி முக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலி போட்டார். விஞ்ஞானி உட்காரவில்லை. நேற்று நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை, புரியாமலே பதில் சொன்னேன், அது என் தவறு, நான் சோதிடம் அறிந்தவன் அல்ல என்று வேலையாட்கள் முன்னாலேயே சொன்னார். எழுபது வயது மனுஷன், உலகம் கொண்டாடுகிற மனுஷன், சாயம் வழிகிற தரையில் நின்று இதைச் சொன்னார். அதைப் பார்த்த பிறகு நான் சும்மா இருக்க முடியவில்லை. "எனக்கு முன்னமே தெரியுங்க. தெரிஞ்சிதான் சொல்லாம இருந்தேன்," என்றேன். சாயப்பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நூலை மேலே தூக்கித் தண்ணீர் வடியவிட்டார்.

விஞ்ஞானி அந்த நூலையே பார்த்தார். இதுதான் கடைசி நிறமா என்று கேட்டார். "இப்ப சொல்ல முடியாதுங்க," என்றார் சாயப்பட்டறைக்காரர். "காஞ்சாத்தான் தெரியும். முப்பது வருஷமா முக்கறேன், ஈர நூலப் பாத்து இதான் கலருன்னு எவன்கிட்டயும் சொன்னது இல்ல." விஞ்ஞானி என் பக்கம் திரும்பி, நேற்று ஒரு மணி நேரம் நான் பேசியதை இவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார் என்றார். அவர் முகத்தில் வந்த சந்தோஷம் பொய்யில்லை. சாயப்பட்டறைக்காரருக்கும் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. நூலைக் கொடியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அப்ப நேராவே கேக்கறேங்க. இந்தப் பொண்ணு வந்தா எனக்கு ஏதாச்சும் ஆவுமா?"

"உங்களுக்கு ஒரு நாள் மரணம் வரும். எனக்கும் வரும். எப்போது என்று எனக்குத் தெரியாது. இந்தப் பெண்ணால் வராது என்பது தெரியும்."

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் முதலில் அதுதான் வருகிறது."

சாயப்பட்டறைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அட, உங்களுக்குமா என்று மெதுவாகக் கேட்டார். பிறகு வேலையாட்களை டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டு என்னையும் வெளியே நிற்கச் சொன்னார். அரை மணி நேரம் இருவரும் உள்ளே பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கொடியில் தொங்கிய நூலுக்கு நடுவில் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. ஒருமுறை சாயப்பட்டறைக்காரர் தன் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். சத்தியம் செய்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் விஞ்ஞானியை மடக்கினேன். எதுவும் நிச்சயம் இல்லை என்று நேற்று அடித்துப் பேசினீர்கள், இன்றைக்கு என்னால் சாவு வராது என்பது தெரியும் என்கிறீர்கள், இது என்ன நியாயம் என்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றவர், தெரியாததைத் தெரியும் என்பது ஒரு பொய், தெரிந்ததைத் தெரியாது என்பது இன்னொரு பொய் என்றார். படித்தவர்கள் அடக்கம் என்ற பெயரில் இரண்டாவது பொய்யை நிறையச் சொல்கிறோம் என்றும் சொன்னார். கண்டக்டர் உள்ளே போங்க, உள்ளே போங்க என்று அவரைப் பின்னால் தள்ளினார். அவரும் தள்ளிப் போனார்.

வெள்ளிக்கிழமை நிச்சயம் நடந்தது. தேங்காய் பழத்தோடு வந்து தட்டு மாற்றியபோது சாயப்பட்டறைக்காரர் என் அப்பாவிடம், நானே யோசிச்சிதான் வந்தேன், யார் சொல்லியும் இல்லை என்றார். இரண்டு மாதத்தில் கல்யாணம். விஞ்ஞானி வரவில்லை. நிச்சயம் என்ற சொல்லுக்கு இரண்டாவது பொருளைத் தன் அகராதியின் ஓரத்தில் எழுதிக்கொண்டதாக வாழ்த்து அனுப்பினார்.

அந்த வீட்டில் எனக்கு வாய்த்த மாமனார் போல ஒருவருக்கும் வாய்க்காது. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பத்தியைத் தமிழில் சொல்லச் சொல்ல, மாமா நூல் உலர்த்திக்கொண்டே கேட்பார். நடுநடுவே, இந்த எடத்துல உங்க ஐயா தப்பு பண்றாரு என்று வாதாடுவார். அதை நான் எழுதி அனுப்புவேன். அவர் சொல்வது சரி என்று இரண்டு முறை விஞ்ஞானி பதில் போட்டார். அந்த இரண்டு கடிதத்தையும் மாமா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பட்டறைக்கு வருபவர்களிடம் எல்லாம் காட்டினார். ஊரில் யாராவது மூலம் என்று இழுத்தால், நான் நல்லாத்தான் கீறேன், நீ ஒடம்பைப் பாத்துக்கோ என்று வாயை அடைப்பார்.

கல்யாணம் ஆகிப் பதினாலாவது மாதம், புது நூற்றாண்டு பிறந்த கொஞ்ச காலத்தில், ஒரு காலை வேளையில் மாமா பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அப்புறம். முதலில் வந்தது, ஒருவேளை உண்மைதானோ என்கிற பயம். எட்டாம் வகுப்பு அறிவியல் டீச்சர், கண்ணாடியில் என் முகத்தையே பார்க்க மாட்டாமல் இருந்தேன். அத்தை, என் மாமியார், ஒரு மூலையில் சுருண்டு கிடந்தார். அவரிடம் தண்ணீர் கொண்டு போகவே எனக்குக் கால் கூசியது. கணவர் அதெல்லாம் நினைக்காதே என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால், அவரும் அதை நினைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதினேன். மரியாதை இல்லாத கடிதம். இந்தப் பெண்ணால் வராது என்பது தெரியும் என்றீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று இரண்டே வரி. பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் பதில் வந்தது. கை நடுக்கம் எழுத்திலும் ஏறியிருந்தது. இப்போதும் அதையே சொல்கிறேன் என்று தொடங்கியிருந்தார். உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் மாமனார் அன்று பட்டறையில் என்னிடம் தனியாகச் சொன்னது ஒன்று உண்டு. அதை வெளியே சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. உங்கள் அத்தைக்கு உண்டு. எது முதலில் வந்தது என்று அவரைக் கேளுங்கள். கேட்கப் பயமாக இருக்கும், என்றாலும் கேளுங்கள். நல்ல நண்பரை இழந்துவிட்டேன்.

கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பந்திக்கு இலை நறுக்கப் போனேன். கூடத்தில் உறவுப் பெண்கள் இருபது பேர் அத்தையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் இலைக்கட்டோடு கதவருகே வந்தபோது, ஒருத்தி அத்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, மூலம்னு தெரிஞ்சே கொண்டாந்தீங்களே, இன்னாத்துக்கு என்றாள். இன்னொருத்தி உச்சுக் கொட்டினாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை அதிகம் பேசாதவர். பள்ளிக்கூடம் போகாதவர், விஞ்ஞானியைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. முதுகில் இருந்த கையை எடுத்து அந்தப் பெண்ணின் மடியிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவருக்கு நெஞ்சு வலி வந்து மூணு வருஷம் ஆவுது. வேலூர் டாக்டராண்ட நான்தான் கூட்டிகினு போனேன். ரொம்ப நாள் தாங்காதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. இவ இந்த வூட்டுக்கு வந்து பதினாலு மாசம். நான் போனா இந்தப் பொண்ணு தலைல போடுவாங்க, அதான் யோசனையா கீதுன்னு அவரு என்னாண்ட சொன்னாரு. உசுரோட இருக்கற வரைக்கும் இத்த சொல்லாதன்னாரு. போனப்புறம் சொல்லாம இருக்காதன்னாரு. எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியாதவங்க எழுந்து அவங்க அவங்க வூட்டுக்குப் போங்க."

யாரும் போகவில்லை. அத்தை எழுந்து வந்து என் கையிலிருந்த இலைக்கட்டை வாங்கிக் கீழே வைத்தார். "நீ இன்னாத்துக்கு வாசப்படியாண்ட நின்னுகினு கீற? உன் மாமனார் காரியம். வந்து உக்காரு," என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பதினாறு நாளாக வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.